மாணவர் ஓவியக் கோப்புகள்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

வகுப்பில் ஓவியக் கோப்பு வைத்துப் பராமரிக்கும் ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் அதே கோளாறுகள்தான் வருகின்றன. படங்கள் ஒட்டிக்கொள்ளும், கரி அப்பும், தாள் சுருளும், அடுக்கின் அடியில் பூஞ்சை பிடிக்கும், யாருடையது என்று தெரியாத படங்கள் மேசை மேல் சேரும். நான் பார்த்தவரை இவற்றில் பாதிக்கு மேல் மணி அடிப்பதற்கு முந்தைய கடைசி ஐந்து நிமிடத்தில் தொடங்குபவை. அரைகுறையாகக் காய்ந்த படத்தை அவசரமாகக் கோப்பில் செருகுவோம். இரண்டு மாதம் கழித்து அலமாரியைத் திறக்கும்போது அது தெரியவரும். அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உள்ளே போகும்போது அந்தப் படம் எப்படி இருந்தது?

## எதையும் தொடுமுன்

கெட்டிருக்கும் நிலையிலேயே ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். சரிசெய்யப் போய் இன்னும் கெட்டாலும் அந்தப் பதிவாவது மிஞ்சும். அப்புறம், வரைந்த பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். படம் அந்தப் பிள்ளையுடையது. அவர் அறியாமல் வெட்டுவதும் ஒட்டுவதும் கூடாது. சில பிள்ளைகள் "விடுங்க, வேற வரைஞ்சுக்கிறேன்" என்பார்கள். சிலர் கிழிந்த துண்டையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இரண்டும் சரிதான்.

## படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன

இழுத்துப் பார்க்க வேண்டாம். என்ன வண்ணம் என்று பார்த்துவிட்டு அந்தக் கிளைக்குப் போங்கள்.

### போஸ்டர் கலர் என்றால்

காயுமுன் அடுக்கியிருக்கிறார்கள். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இன்னும் ஈரம் இருந்தால் நல்லதே, இப்போதே பிரித்துவிடலாம். அடித்தாளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மேல்தாளின் ஒரு மூலையை எடுத்து, அது தன் மேலேயே மடிந்து வருவது போலப் பின்னோக்கி மெதுவாக இழுங்கள். நேராக மேலே தூக்கினால் வண்ணம் தாளோடு பிய்ந்துகொண்டு வரும். ஏற்கெனவே காய்ந்து இறுகியிருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலை ஒட்டாத பக்கத்திலிருந்து படுக்கைவாக்கில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஸ்கேல் நகர மறுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு வேறு பக்கத்திலிருந்து வாருங்கள்.

அடுத்த முறை இது நடக்காமல் இருக்க ஒரு சோதனை உண்டு. புறங்கையைத் தாளின் பின்பக்கம் வையுங்கள். காய்ந்த தாளில் தனியாக எதுவும் உறைக்காது. உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று படும். மேலே விரலால் தொட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது, ஏனென்றால் தடித்த வண்ணத்தில் மேல்பரப்பு காய்ந்தும் அடியில் பிசுபிசுப்பு இருக்கும். எட்டு வயதுப் பிள்ளைகள்கூட இந்தப் புறங்கைச் சோதனையைச் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்கள். நம் கையைவிட அவர்கள் கைக்கு ஈரம் நன்றாகவே தெரிகிறது. படத்தைக் கோப்பில் வைக்கும் முன் பக்கத்தில் இருப்பவர் கையால் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்துவிட்டால் இந்தத் தலைப்பே உங்களுக்குத் தேவைப்படாது.

### அக்ரிலிக் என்றால்

நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கும் ஒட்டும். அது பிளாஸ்டிக் சார்ந்த பெயின்ட். சூடும் பாரமும் சேர்ந்தால் மறுபடி இளகிவிடும். கட்டின் மேல் என்ன பாரம் இருக்கிறது, அலமாரியில் வெயில் படுகிறதா என்று பாருங்கள். பிரிப்பதற்கு முன் மேலிருக்கும் பாரத்தை எடுத்துவிட்டு, கட்டைக் குளுமையான அறையில் சற்று நேரம் வையுங்கள். அப்புறம் மேலே சொன்ன மாதிரி பின்னோக்கி இழுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம், அதிகக் குளிரில் அக்ரிலிக் விறைத்து, வளைந்தால் வெடிக்கும்.

இனி அக்ரிலிக் படங்களுக்கு இடையே சிலிக்கோன் பூச்சுள்ள பேக்கிங் பேப்பரை வையுங்கள். சாதாரண வெள்ளைத் தாள் வைத்தால் அந்தத் தாளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

### பிளாஸ்டிக் கவரோடு ஒட்டியிருந்தால்

கவரை முகர்ந்து பாருங்கள். புதுச் செருப்பு, மழைக்கோட்டு வாசனை வந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் அது பெரும்பாலும் பிவிசி. அதை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து வண்ணத்தையும் ஜெராக்ஸ் மையையும் தன்மேல் இழுத்துக்கொள்ளும். சற்று விறைப்பாக, சலசலவென்று ஒலிக்கும், வாசமற்ற பாலிபுரோப்பிலீன் கவருக்கு மாற்றுங்கள். ஒட்டிய கவரை உருவி எடுக்காமல், ஓரங்களைக் கத்தரித்து இரண்டு ஏடாக்கிவிட்டு, பிளாஸ்டிக்கைப் பின்னோக்கி மடித்து உரியுங்கள்.

### எப்போது நிபுணர்

முழுக் கட்டும் ஒரே பலகையாக இறுகிவிட்டது, அதில் தேர்வுக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ போக வேண்டிய படம் இருக்கிறது என்றால் நீங்கள் முயல வேண்டாம். அருங்காட்சியகம், ஆவணக்காப்பகம், பெரிய நூலகம் இவற்றில் காகிதப் பாதுகாப்பு வல்லுநர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். மற்றப் படங்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

## கரி, பென்சில், பேஸ்டல் அடுத்த பக்கத்தில் அப்பியிருக்கிறது

முதல் காரணம் இடைத்தாள் இல்லாதது. இரண்டாவது, கோப்புக்குள் படங்கள் அசைவது. கோப்பை எடுத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே தாள் நகரும் சத்தம் கேட்டால், இடைத்தாள் வைத்தாலும் அப்பத்தான் செய்யும், ஏனென்றால் கரியைப் பரப்புவது அந்த உரசல்தான். படத்தின் மேல்விளிம்பை மட்டும் இரண்டு இடத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒரு பின்தாளில் பிடித்து, இடைத்தாளை அதே பின்தாளில் மேல்பக்கம் ஒட்டித் தொங்கவிட்டால் இரண்டும் சேர்ந்தே நகரும்.

இடைத்தாளுக்குக் கிளாசின் தாள் (மெல்லிய, மிக வழவழப்பான, அரைகுறையாக ஒளி ஊடுருவும் தாள்) மிக நல்லது. கிடைக்காவிட்டால் வழவழப்பான பட்டர் பேப்பர் போதும். செய்தித்தாள் வேண்டாம். அதன் மை ஏறும், தாளும் சீக்கிரம் பழுத்து, தொட்ட இடத்தையெல்லாம் பழுக்க வைக்கும்.

இதற்கும் அடங்காத கரி, சாக் பேஸ்டல் படங்களுக்கு ஃபிக்சேட்டிவ், அதாவது தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்பிரே, அடிக்கலாம். ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே கனத்த பூச்சாக இல்லாமல் மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. இதை வகுப்பறைக்குள் செய்யவே கூடாது. ஆவி கெடுதலானது, தீப்பற்றவும் கூடும். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், திறந்த வெளியில், ஆசிரியர்தான் அடிக்க வேண்டும். பேஸ்டல் நிறம் இதனால் சற்றுக் கருக்கும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைச் சிலர் மலிவு என்று பயன்படுத்துகிறார்கள், அது நாளடைவில் மஞ்சளாகும்.

ஆயில் பேஸ்டல் வேறு கதை. அது முழுதாகக் காய்வதே இல்லை, அதில் இருப்பது உலராத எண்ணெய். சாதாரண ஃபிக்சேட்டிவ் அதன்மேல் நிற்காது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் சாளரம் வெட்டிய அட்டைச் சட்டம் ஒன்றை மேலே வைத்தால் அடுத்த தாள் படத்தைத் தொடாது. அட்டை வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் ஆயில் பேஸ்டலுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## தாள் அலை அலையாக இருக்கிறது அல்லது சுருண்டு நிற்கிறது

அலை அலையாக இருந்தால் தண்ணீர் அதிகம், தாள் மெல்லிசு. சுருண்டு குழலாக நின்றால் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்திருக்கிறது. இரண்டுக்கும் அழுத்தம்தான் மருந்து, ஆனால் எந்தப் படத்தை அழுத்தலாம் என்பதில் கவனம் வேண்டும்.

வாட்டர் கலர், பென்சில் படம் என்றால் குப்புற வைத்து, பின்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் பனி போல மிக லேசாகத் தெளியுங்கள். மேலும் கீழும் சுத்தமான வெள்ளைத் தாள், அதற்கு மேல் சமமான பலகை, பலகை மேல் புத்தகக் கட்டு. ஓர் இரவு இருக்கட்டும். மறுநாள் தாள்களை மாற்றி இன்னோர் இரவு. பெரும்பாலும் நேராகிவிடும்.

ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது என்றால் தண்ணீரே கூடாது, மை பரவிவிடும். வெறும் பாரம் மட்டும், ஒரு வாரம். கரி, பேஸ்டல், தடித்த பெயின்ட் இவற்றை அழுத்த வேண்டாம். அவை அலையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

திரும்பத் திரும்ப எல்லார் படமும் அலையாகிறது என்றால் தாளை மாற்ற வேண்டிய நேரம். ஜெராக்ஸ் தாள் பெரும்பாலும் 70-80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதில் வாட்டர் கலர் அடித்தால் அலையாகாமல் இருக்கவே முடியாது. 300 ஜிஎஸ்எம் தாள் அவ்வளவாக அசையாது, ஆனால் எல்லாருக்கும் எல்லா நாளும் வாங்க முடியாது. நடுவழி ஒன்று: இருக்கிற தாளின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி வரைய வைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே டேப்பை எடுங்கள். சுற்றிலும் வெள்ளை ஓரம் கிடைப்பதால் படமும் பார்க்க எடுப்பாக இருக்கும்.

## பெயின்ட் வெடித்து உதிர்கிறது

தடிமனாகப் பூசிய போஸ்டர் கலர், மெல்லிய தாள், செங்குத்தாக நிறுத்தி வைத்த கோப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் உதிரும். உதிரத் தொடங்கிய படத்தைப் படுக்கை வசத்துக்கு மாற்றி, அடியில் விறைப்பான அட்டை கொடுங்கள், அதிகம் கையாளாதீர்கள். உதிர்ந்த சில்லுகளை ஒரு கவரில் போட்டுப் பின்னால் வையுங்கள். அடுத்த முறை போஸ்டர் கலரில் சிறிதளவு வெள்ளைப் பசை கலந்துகொண்டால் பிடிப்பு கூடும்.

## நிறம் மாறிவிட்டது

எது மாறியிருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

தாள் முழுவதும் பழுத்திருந்தால் தாளே மட்டமானது. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகும். திருப்ப முடியாது. படத்தைப் புகைப்படம் எடுத்துவிட்டு, இருட்டான கோப்பில் வைத்து மேலும் பழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஆகக்கூடியது.

பட்டையாக ஓர் இடம் மட்டும் மஞ்சள், தொட்டால் பிசுக்கு என்றால் செல்லோ டேப். கிழிந்த படத்தை முன்பக்கம் செல்லோ டேப் போட்டு ஒட்டும் பழக்கத்தை வகுப்பிலிருந்தே விலக்குங்கள். ஏற்கெனவே ஒட்டியதை ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் இளக்கி மெல்ல உரிக்கலாம். கிரேயான், ஆயில் பேஸ்டல் படத்தில் அந்தச் சூடும் ஆகாது, உருகிவிடும். டேப் போன பிறகும் தாளில் ஊறிய கறை போகாது.

பழுப்பும் சிவப்புமான புள்ளி, பக்கத்தில் ஸ்டேப்ளர் பின் அல்லது இரும்பு கிளிப் இருந்தால் துரு. பின்னை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் கிளிப்புக்கு மாறுங்கள்.

வண்ணம் மட்டும் வெளிறியிருந்தால், ஓரத்தைப் பாருங்கள். சட்டமோ வேறு தாளோ மறைத்திருந்த ஓரம் இன்னும் அடர்த்தியாக இருக்கிறதா? அப்படியென்றால் வெளிச்சம் தின்றுவிட்டது. ஸ்கெட்ச் பேனா, ஃப்ளோரசென்ட் மை, கலர் சார்ட் பேப்பர் இவை சாயம் சார்ந்தவை, வெயில் படும் சுவரில் சில வாரத்திலேயே மங்கும். போன நிறம் திரும்பி வராது. சுவரில் மாட்டும் படங்களைச் சுழற்சியில் மாற்றுங்கள், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிருங்கள்.

## வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பூஞ்சையா?

பயப்படுமுன் உற்றுப் பாருங்கள். கிரேயான், மெழுகுக் கலர் பென்சில் படங்களில் சில மாதங்களில் புகை படிந்தது போல வெண்மை தோன்றும். அது மெழுகு மேலே வருவது. அடையாளம் எளிது: வண்ணம் பூசிய இடத்தில் மட்டும், சீராக இருக்கும். மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும்.

பூஞ்சை அப்படி இல்லை. வெறுந்தாளிலும் இருக்கும், புள்ளி புள்ளியாக, நூல் நூலாக, சாம்பலோ பச்சையோ கறுப்போ கலந்திருக்கும். மூடிக் கிடந்த அறையின் வாசம் வரும். அது என்றால்:

முதலில் அந்தக் கோப்பை மற்றவற்றிலிருந்து பிரித்து பாலித்தீன் பையில் போட்டு வெளியே கொண்டுபோங்கள். பை கொண்டுபோவதற்கு மட்டும்தான். மூடியே வைத்தால் உள்ளே இன்னும் வளரும். காற்றோட்டமான நிழலில் விரித்து முழுக்க உலர விடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் தேய்ந்து இறங்கும். நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு, திறந்த வெளியில், என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து மென்மையான தூரிகையால் தள்ளிவிடுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது, ஆஸ்துமா இருக்கும் ஆசிரியரும் செய்யக் கூடாது.

அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிற்கிறதா? ஒரு கையளவு முன்னால் இழுங்கள். கோப்புகள் தரையில் இருக்கின்றனவா? 15 செ.மீ. உயரமாவது ஏற்றுங்கள். மேலே குழாய் போகிறதா, கூரையில் கறை இருக்கிறதா? சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வைத்துப் பாருங்கள். 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அந்த அலமாரி காகிதத்துக்கு ஏற்றதில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலம் சிறிய மூடிய பெட்டிக்கு உதவும். திறந்த அலமாரியில் போடுவது வீண்.

தண்ணீர் புகுந்து கோப்புகள் நனைந்தேவிட்டன என்றால் அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடக்கூடும். விரித்துக் காயவைக்க முடியாத அளவு குவியல் என்றால், சிறு சிறு கட்டாகப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்து, பின்னர் ஒவ்வொரு கட்டாக எடுத்துக் காயவைக்கலாம். அக்ரிலிக் படங்களை மட்டும் இதில் சேர்க்காமல் முதலில் விரித்துவிடுங்கள்.

சுவரிலேயே பூஞ்சை படர்ந்திருக்கிறது, அல்லது ஒரே அலமாரி மீண்டும் மீண்டும் பூக்கிறது என்றால் கோப்பைத் துடைத்துப் பயனில்லை. கசிவைச் சரிசெய்யக் கட்டட ஆட்கள் வர வேண்டும். அதுவரை கோப்புகள் வேறு அறையில் இருக்கட்டும்.

## ஓட்டை, அரிப்பு, கருமணல் போன்ற எச்சம்

மேல்பரப்பு மட்டும் சுரண்டினாற்போல் ஒழுங்கற்று அரிக்கப்பட்டிருந்தால் இராமபாணம் எனும் வெள்ளிநிறச் சிறு பூச்சி. மண் பூச்சு இருந்தால் கரையான். விளிம்பு கொறித்துத் துண்டு துண்டாகக் கிடந்தால் எலி.

வகுப்பறையில் இவை வருவதற்கு முதல் காரணம் தீனி. தானியமும் பருப்பும் இலையும் ஒட்டிய கொலாஜ், மைதாப் பசையில் செய்த வேலை இவற்றைக் காகிதப் படங்களோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். அவற்றைப் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுவதே நல்லது. ஒரு சில படங்களில் மட்டும் இராமபாணம் என்றால், பையில் இறுக்கி மூடி வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, எடுத்த பிறகு பையைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் பிரியுங்கள். அக்ரிலிக்குக்கு இதுவும் ஆகாது. பூச்சி மருந்தைப் படத்தின் மேல் அடிக்க வேண்டாம், கறை படியும், பிள்ளைகள் அதைக் கையால் தொடுவார்கள்.

கரையான் என்றால் தாமதிக்காமல் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். நம் கண்ணுக்குப் படுவது வந்து போகும் பாதை மட்டுமே.

## கோப்பு கிழிகிறது, வளைகிறது, படம் வெளியே நீட்டுகிறது

மூலைகள் வெளியே நீட்டி மடங்கினால் அளவுக் கோளாறு. ஏ2 தாளை இரண்டாக மடித்தால் சரியாக ஏ3தான் வரும். அதற்குள் ஏ3 படம் வைத்தால் ஓரம் வெளியே வராமல் என்ன செய்யும்? ஏ3 என்பது 29.7 x 42 செ.மீ. அதற்கு 34 x 46 அளவில் இரண்டு அட்டை வெட்டுங்கள், சுற்றிலும் ஏறத்தாழ இரண்டு செ.மீ. இடம் கிடைக்கும்.

மடிப்பில் கிழிந்தால் முதுகுக்கு இடம் விடவில்லை என்று பொருள். ஒரே அட்டையை மடிப்பதைவிட, இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒன்று அல்லது ஒன்றரை செ.மீ. இடைவெளி விட்டு, உள்ளும் வெளியும் பைண்டிங் துணியால் ஒட்டிச் சேருங்கள். படம் கூடக் கூட முதுகு விரிந்து கொடுக்கும். மடித்தே ஆக வேண்டும் என்றால் அட்டையின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது.

அட்டை காய்ந்ததும் கிண்ணம் போல வளைந்தால், ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். மறுபக்கமும் அதே போல ஒரு தாள் ஒட்டி, பாரத்தின் கீழ் காயவிட்டால் இரண்டு இழுப்பும் சமமாகி நேராகும். படங்கள் பக்கவாட்டில் நழுவி விழுந்தால் மூன்று பக்கமும் உள்ளே மடியும் இதழ்கள் ஒட்டுங்கள். கோப்பைப் பிள்ளைகளே செய்யட்டும். தான் அளந்து, வெட்டி, ஒட்டிய கோப்பை யாரும் கசக்கி அலமாரிக்குள் திணிப்பதில்லை.

## யாருடைய படம் என்று தெரியவில்லை

"பெயர் எழுதுங்கள்" என்று கடைசியில் சொல்வதுதான் இங்கே கோளாறு. தாளைக் கையில் கொடுத்தவுடன், முதல் கோடு போடுமுன், பின்பக்கம் வலது கீழ் மூலையில் பென்சிலால் பெயர், வகுப்பு, எண், தேதி நான்கும் எழுத வேண்டும். பால் பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும், ஸ்கெட்ச் பேனா ஊறி வெளியே தெரியும். தேதிக்கு ஒரு ரப்பர் முத்திரை இருந்தால் வேலை பாதியாகும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அநாமதேயப் படங்களை மேசையில் பரப்பி, பிள்ளைகளையே அடையாளம் காட்டச் சொல்லுங்கள். ஒருவர் கோட்டை இன்னொருவர் எவ்வளவு தெளிவாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அந்த வகுப்பின் மிக அழகான நேரங்களில் ஒன்றாக இருக்கும்.

## அலமாரி நிரம்பிவிட்டது

அடுக்கின் உயரத்தைப் பாருங்கள். அடியில் இருக்கும் கோப்பை எடுக்க மற்ற எல்லாவற்றையும் தூக்க வேண்டியிருந்தால் அது கிடங்கு; பிள்ளைகள் தங்கள் கோப்பைத் தொடுவதையே நிறுத்திவிடுவார்கள். பெரிய அட்டைப் பெட்டிகளைத் துண்டாக்கி அலமாரிக்குள் தட்டுகளாகப் பிரித்து, ஒரு தட்டுக்கு ஐந்தாறு கோப்பு என்று வையுங்கள். செங்குத்தாக நிறுத்துவது என்றால் இறுக்கமாக நிற்க வேண்டும், இல்லையேல் படங்கள் இடுப்பொடிந்து தொங்கும்.

அதற்கும் இடம் போதவில்லை என்றால் கோப்பைக் குறைக்க வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை ஒரு முழு வகுப்பு நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பிள்ளை தன் படங்களை மூன்றாகப் பிரிக்கட்டும்: இங்கே இருக்க வேண்டியது, வீட்டுக்குப் போகலாம், படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம். களிமண் பொம்மைகளும் பெரிய அட்டை வேலைகளும் பெரும்பாலும் மூன்றாவதில் விழும். ஆழமில்லாத இழுப்பறைகள் கொண்ட அலமாரி நிரந்தரத் தீர்வு, ஆனால் இந்த வடிகட்டல் நடக்காத வகுப்பில் அதுவும் ஓராண்டில் நிரம்பும்.

## கோப்பு நிறையப் படம், பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை

தாளில் தெரியாத கோளாறு இது. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். பெற்றோர் வருகிறார்கள், பிள்ளை கோப்பை விரிக்கிறது, "இது மரம், இது வீடு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

முதல் சோதனை: கோப்பில் முதற்கோட்டுத் தாள், அழித்து வரைந்தது, பாதியில் விட்டது ஏதாவது இருக்கிறதா? முடிந்த படங்கள் மட்டும் இருந்தால் பிள்ளைக்குச் சொல்ல என்ன இருக்கும்? முயற்சிகளைக் குப்பையில் போட்டுவிட்டோம். இனி ஒவ்வொரு முடிந்த படத்துக்கும் பின்னால் அதன் ஒரு முன்வரைவாவது சேர்ந்து போகட்டும்.

இரண்டாவது: யார் தேர்ந்தெடுத்தது? ஆசிரியர் "நல்ல" படங்களைப் பொறுக்கி வைத்திருந்தால் அது ஆசிரியரின் கோப்பு. குறைந்தது பாதியைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும், காரணத்தை ஒரு சிறு சீட்டில் எழுத வேண்டும். சீட்டில் மூன்று கேள்வி போதும்: எதை முயன்றாய்? எங்கே சிக்கல் வந்தது? மறுபடி வரைந்தால் எதை மாற்றுவாய்? "பிடித்திருக்கிறதா" என்று கேட்டால் ஆம் என்று மட்டுமே பதில் வரும்.

மூன்றாவது: எல்லார் கோப்பிலும் ஒரே படமா? கரும்பலகையில் வரைந்ததைப் பார்த்து வரைந்தவை என்றால் கோப்பில் கோளாறில்லை, பாடத்தை மாற்ற வேண்டும்.

ஆண்டின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் அருகருகே வைத்து, "இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். மனிதர்களின் கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னாலோ சட்டைப் பையிலோ ஒளித்து வரையும் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, கை வரைவது கடினம் என்பதால். அப்படி ஒரு பிள்ளை, ஒரு படத்தில் முதல் முறையாக ஐந்து விரலும் வெளியே தெரிய வரைந்திருப்பதைத் தானே கண்டுபிடிக்கும்போது பேச்சு தானாக வரும். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு வராது.

ஒரு பிள்ளை தன் படங்களை மீண்டும் மீண்டும் கிழிக்கிறது, அல்லது யாரோ காயப்படுவதையே தொடர்ந்து வரைகிறது என்றால் நீங்களே பொருள் சொல்ல முயல வேண்டாம். படத்தைப் பத்திரப்படுத்தி, பள்ளியின் மனநல ஆலோசகரிடமோ, அவர் இல்லாவிட்டால் தலைமை ஆசிரியரிடமோ பேசுங்கள்.

## புகைப்படப் பதிவு சரியாக இல்லை

நடுவில் வெள்ளைத் திட்டு என்றால் ஃபிளாஷை அணையுங்கள். ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில் எடுங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வந்தால் போன் சாய்ந்திருக்கிறது. படத்தைச் சுவரில் பொருத்தி, போனை அதற்கு இணையாகப் பிடித்து, சற்றுப் பின்னால் போய் ஜூம் செய்து எடுங்கள். வெள்ளைத் தாள் சாம்பலாகத் தெரிந்தால் வெளிச்ச அளவைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

படம் மங்கலாக, கட்டம் கட்டமாக வந்தால் எப்படி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். ஏ4 அளவில் நன்றாக அச்சடிக்க 2480 x 3508 பிக்சல் வேண்டும்.

புகைப்படக் கோப்பைத் தேடினால் கிடைப்பதில்லை என்றால் பெயரிடுவதில் கோளாறு. "7ஆ_14_2025-08-03" என்பது போல வகுப்பு, வரிசை எண், ஆண்டு-மாதம்-நாள் என்று போட்டால் தானாகவே வரிசையில் நிற்கும், பிள்ளையின் பெயரும் வெளியே தெரியாது. பிள்ளையின் முகம் படத்தில் வர வேண்டாம். பொது இடத்தில் பகிர்வதானால் பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில் இருக்கட்டும்.

மொத்தமும் ஒரே போனில் இருந்தால் இன்றைக்கே பிரதி எடுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று பள்ளிக்கு வெளியே. மெமரி கார்டு திடீரென்று காலி என்று காட்டினால் அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள், ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றித் தனியாக வைத்து, தரவு மீட்பு செய்பவரிடம் அப்படியே கொடுங்கள். மேலே எதுவும் புதிதாக எழுதப்படாத வரை மீட்க வாய்ப்பு அதிகம்.